அந்தப் பக்கத்து மாங்காய்

மரத்தில் அறுப்பு மெஷினை வைப்பதற்கு முன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “பக்கத்துல யாராவது தூங்குறாங்களாங்க?” மின்கம்பி, தேன்கூடு, முசுறு எறும்பு எல்லாம் அதற்குப் பிறகு. நெய்வேலி நகரியத்தில் பாதிப் பேர் விழித்திருக்கும்போது மீதிப் பேர் தூங்குவார்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்த மனிதர் ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்கிக்கொண்டு மதியம் வரை படுத்திருப்பார். அந்த நேரத்தில் மெஷினை இழுத்துவிட்டோமானால், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்து நம் பரம்பரையையே விசாரிப்பார். தொழிலுக்கு வந்த புதிதில் நான் அப்படி நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பிறகு புத்தி வந்தது.

தொழில் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்கிறேன். நான், மரம் ஏறுகிற என் கொழுந்தன், கீழே கயிறு பிடிக்கவும் கிளை இழுக்கவும் எங்கள் தெருக்காரி ஒருத்தி, ஒரு மெஷின், கேட்டால் வருகிற ஒரு வாடகை வண்டி, என் கைப்பேசி. இவ்வளவுதான் கம்பெனி. தானே புயல் அடித்த மறுநாள் ஆரம்பித்தது. அதுவரை நகரியத்தில் கான்ட்ராக்டில் தெருப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பெருக்கத் தெருவே இல்லை, எல்லாம் மரம். படுத்துக் கிடந்த தூங்குமூஞ்சி மரங்களுக்கு நடுவே துடைப்பத்தோடு நின்றவளைப் பார்த்து, “ஏம்மா, வெட்டிப் போட ஆள் கிடைக்குமா?” என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள். தென்னை ஏறுகிற கொழுந்தனைக் கூட்டிவந்தேன். அந்த மாதம் முடிவதற்குள் துடைப்பத்தைப் போட்டுவிட்டேன்.

“பொம்பளையா மரம் வெட்ட வந்திருக்கே?” என்று இன்றைக்கும் கேட்பவர்கள் உண்டு. “வெட்டுறது என் கொழுந்தனாருங்க. எதை வெட்டக் கூடாதுன்னு சொல்றதுதான் நானு” என்பேன். விளையாட்டாகச் சொன்னாலும் உண்மை அதுதான். வேலையில் வெட்டுவது கொஞ்சம், பேசுவது நிறைய. காலையில் “எல்லாத்தையும் மொட்டை அடிச்சிரும்மா, வீடு இருட்டா இருக்கு” என்று சொன்ன அதே வாய், மதியம் “இப்படி அநியாயமா வெட்டிட்டியே, வெயில் உள்ள வருதே” என்று கத்தும். வேப்பந்தழைக்கு ஆட்டுக்காரிகள் இரண்டு பேர் வந்து எங்கள் காலடியிலேயே சண்டை போடுவார்கள். தேங்காயைப் பறித்துக்கொண்டு மட்டையை யார் எடுத்துப் போவது என்று வீட்டுக்காரர் தத்துவம் பேசுவார். குவார்ட்டர்ஸ் மரத்தை அடியோடு எடுப்பதென்றால் ஆபீஸ் அனுமதி வேண்டும், கிளை கழிப்பதற்குக் கெடுபிடி கிடையாது. அதனால் அடியோடு எடுக்க நினைப்பவர்கள் எல்லாரும் என்னிடம் “கிளைதான்” என்று சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

இதற்கு நடுவே எனக்கு ஒரு வியாதி வேறு. ஏன் என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. புயலில் விழுந்த மரங்களைப் பார்த்துப் பார்த்து வந்தது அது. ஒரே வரிசையில் ஒரே வயது மரங்கள், ஒன்று விழுந்து கிடக்கும், அடுத்தது இலை உதிராமல் நிற்கும். வேரைக் குனிந்து பார்ப்பேன், மண்ணைக் கிள்ளிப் பார்ப்பேன். “அண்ணி, மரத்துக்கு ஜாதகம் பாக்க வந்தீங்களா, கிளை வெட்ட வந்தீங்களா? வெயில் ஏறிக்கினு இருக்கு” என்று கொழுந்தன் மேலே இருந்து கத்துவான். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், இன்னும் என்னைக் கிண்டல் செய்வதில்தான் அவனுக்குப் பொழுது போகிறது.

புயல் போய் மூன்று நான்கு வருஷம் கழித்து, ஒரு கார்த்திகை மாதம், ஓர் அம்மா போன் செய்தார். பின்கட்டு மாமரத்தில் கிளை வெட்ட வேண்டும் என்றார். போனோம். குவார்ட்டர்ஸின் பின்பக்கம், வேலியோரம், கை விரித்து நின்றது மரம். ஒட்டு பங்கனப்பள்ளி. பாதி இந்தப் பக்கம், பாதி வேலி தாண்டி அடுத்த குவார்ட்டர்ஸ் பக்கம்.

“எந்தக் கிளைங்கம்மா?”

அவர் வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். “அந்தப் பாதி.”

“எந்தப் பாதிங்க?”

“அதான் சொல்றேனே. வேலிக்கு அந்தாண்ட போறது பூரா. ஒரு கிளை மிச்சம் வைக்கப்படாது.”

மரத்தில் பாதியை வெட்டச் சொல்லி அதுவரை யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. கொழுந்தன் என்னைப் பார்த்தான். எனக்கு அப்போதே உள்ளே அரிக்க ஆரம்பித்துவிட்டது. ஏன் என்று கேட்டேன்.

அம்மா முதலில் காபி கொடுத்தார். பிறகு கொட்டித் தீர்த்துவிட்டார். மரம் அவர் வைத்தது. இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்த வருஷம் வைத்து, ஒரு நாள் விடாமல் தண்ணீர் ஊற்றி வளர்த்தது. காய்க்க ஆரம்பித்ததிலிருந்து அந்தப் பக்கம் மட்டும்தான் காய்க்கிறது. இந்தப் பக்கம் இலை, இலை, இலை. ஒரு பூ கிடையாது. குவார்ட்டர்ஸில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மரம் யார் வைத்தாலும், கிளை எந்தப் பக்கம் தொங்குகிறதோ காய் அந்தப் பக்கத்துக்காரருக்கு. அந்தச் சட்டத்தை அவர் ஒரு நாளும் மீறியதில்லை.

“மீறலம்மா. ஆனா வருஷா வருஷம் அவ ஒரு பையில நாலு காயைப் போட்டு எடுத்துக்கிட்டு வருவா. ‘இந்தாங்கக்கா, உங்க மரத்துக் காய்’னு சிரிச்சுக்கிட்டே குடுப்பா. நானும் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்குவேன். என் மரத்துக் காயை எனக்கே தானம் பண்றா, பாத்துக்க.” என் கையிலிருந்து காலி டம்ளரை வாங்கி வைத்தார். “இவருக்குப் பங்குனியோட ரிட்டயர்மென்ட். வைகாசிக்குள்ள காலி பண்ணணும். நாங்க முதுகுளத்தூர்ப் பக்கம், ஊருக்கே போயிருவோம். அவ வீட்டுக்காரருக்கு இன்னும் சர்வீஸ் கிடக்கு, இங்கயேதான் இருப்பா. நான் வச்ச மரத்தை நான் போன பிறகும் அவ திங்கணுமா? வெட்டு.”

சேத்தியாத்தோப்புப் பக்கத்துக்காரியான அந்த அடுத்த வீட்டு அக்காவை எனக்குத் தெரியும். போன வருஷம் அவர்கள் வீட்டு முருங்கையில் கம்பளிப்பூச்சிக்காகக் கிளை கழித்திருந்தோம். வெள்ளந்தி. ‘உங்க மரத்துக் காய்’ என்று மரியாதைக்காகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அதை இந்த அம்மாவிடம் சொல்லிப் பயனில்லை. வயிறு எரிகிறவரிடம் நியாயம் பேசக் கூடாது.

நான் வேறு சொன்னேன். “இப்ப பாதிய எடுத்தா மரம் இந்தப் பக்கம் சாஞ்சி உங்க கூரை மேலயே விழுந்துடும்மா. ஒரு வாரம் டைம் குடுங்க. ஏன் இந்தப் பக்கம் காய்க்கலன்னு பாத்துட்டு வந்து சொல்றேன்.”

“பாத்து என்னத்தக் கண்டுபிடிக்கப் போற? செய்வினைன்னு சொல்லுவியா?”

“அதயும் பாக்குறேன்” என்றேன்.

உண்மையில் மரத்தைக் காப்பாற்றப் பாதி ஆசை, தெரிந்துகொள்ளப் பாதி ஆசை. முதலில் தெருவிளக்கைச் சந்தேகப்பட்டேன். அம்மா வீட்டுப் பக்கம் ஒரு கம்பம், இரவெல்லாம் மஞ்சள் வெளிச்சம் மரத்தின் மேல் விழும். நம்மால் வெளிச்சத்தில் தூங்க முடிகிறதா? மரத்துக்கும் நைட் ஷிப்ட் போலத்தான் என்று கொழுந்தனிடம் சொன்னேன். அவன் கெக்கெக்கே என்று சிரித்தான். அந்த வாரம் வேலைக்குப் போன பிளாக்கில் எல்லாம் விளக்குக் கம்பத்துக்குக் கீழே இருக்கிற மாமரங்களைப் பார்த்துப் பார்த்து விசாரித்தேன். ஒரு வாத்தியார் வீட்டில், விளக்கு மரத்துக்குள்ளேயே இருந்தது. “போன வருஷம் காய் தாங்காம கிளை முறிஞ்சிபோச்சே, நீதானேம்மா வந்து வெட்டின?” என்றார். ஆமாம், நான்தான். விளக்கின் மேல் இருந்த சந்தேகம் அதோடு போயிற்று.

அடுப்புப் புகையா என்று பார்த்தேன். எல்லார் வீட்டிலும் கேஸ்தான். வெயிலா என்றால், இரண்டு பக்கமும் ஒரே வெயில். எங்கள் கயிற்றுக்காரி, “ஒட்டு கட்டுனவன் ரெண்டு மரத்தை ஒட்டிட்டானோ?” என்றாள். அதுவும் யோசிக்க வேண்டியதாகத்தான் இருந்தது. கொழுந்தன் மட்டும் தீர்ப்பே சொல்லிவிட்டான். “மரத்துக்கு அந்த அக்காவைத்தான் புடிச்சிருக்கு அண்ணி. வுட்டுடுங்க.”

ஒரு நாள் கொழுந்தனோடு வேறு வேலைக்குப் போகிற வழியில், காலையில், சொல்லாமல் அந்தப் பின்கட்டில் போய் நின்றேன். இலைகளைத்தான் முதலில் கவனித்தேன். அந்தப் பக்கத்து இலை கரும்பச்சையாக, முற்றி, சொரசொரப்பாக இருந்தது. இந்தப் பக்கம் நுனிக்கு நுனி செம்புநிறத் தளிர், கார்த்திகை மாதத்தில் சித்திரை போல. இன்னும் கிட்டே போய்ப் பார்க்கலாம் என்று கால் வைத்தேன். கணுக்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டது. செருப்பு உள்ளேயே மாட்டிக்கொண்டது. மழை விட்டுச் சில நாட்கள் ஆகியிருந்தன. குனிந்து செருப்பைத் தேடும்போது கையில் ரப்பர் டியூப் தட்டுப்பட்டது. குழாயில் சொருகிய பச்சை டியூப், மரத்தடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு சளசளவென்று தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா சமையலறையில் தாளித்துக்கொண்டிருந்தார்.

எழுந்து வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அடுத்த வீட்டுக்காரர்கள் கார் விடுவதற்காக மரத்தடி வரை சிமெண்டுத் தரை போட்டு, மேலே ஷீட்டுப் போட்டிருந்தார்கள். மழைத் தண்ணீர் கூட ஷீட்டில் விழுந்து தெருவுக்கு ஓடிவிடும். அந்தப் பக்கத்து வேர் தாகத்தில் கிடந்தது. காய்த்தது அந்தப் பக்கம்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. எங்கள் ஊரில் தெருக்குழாயில் குடம் வைத்து வரிசையில் நிற்போம், முன்னால் நிற்பவளின் குடும்பக் கதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் கிடைக்கும். நகரியத்தில் குழாயைத் திறந்துவிட்டுத் தாளிக்கப் போகலாம். அது நீரோட்டம் பார்த்துக் கிணறு வெட்டிக் கிடைத்த தண்ணீர் அல்ல, சுரங்கத்திலிருந்து வருவது. நிலக்கரிக்கு அடியில் இருக்கிற ஊற்று மேலே பீறிட்டு வந்துவிடாமல் இராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறைத்த தண்ணீரில்தான் நகரியமே குளிக்கிறது, குடிக்கிறது, மரத்துக்கும் ஊற்றுகிறது. வேறு எந்த ஊரிலும் ஒரு மாமரத்துக்கு இப்படி ஒரு கேடு வர வழியே இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். மாவுக்குப் பூ பூக்கிற எண்ணம் வருவதே குளிரும் மண் காய்வதும் சேர்ந்து வருகிற இந்த மாதங்களில்தான். கொஞ்சம் வாடினால்தான் பூவைப் பற்றி நினைக்கும். குடிக்கக் குடிக்கக் கொடுத்தால் இலை விட்டுக்கொண்டு சுகமாக இருந்துவிடும். இப்படி நான் கேள்விப்பட்டதைச் சொன்னேன். “இதுதான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேம்மா. எனக்குத் தோணுறது இது.”

அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. “நான் ஊத்தின தண்ணியா மரத்தைக் கெடுத்துச்சு?” என்றார். “எங்க ஊர்ல ஒரு குடம் தண்ணிக்கு எவ்வளவு தூரம் நடந்தேன்னு உனக்குத் தெரியுமா? கல்யாணமாகி இங்க வந்தன்னைக்கு இந்தக் குழாயைத் திறந்து விட்டுட்டு, நிக்காம வருதேன்னு பாத்துக்கிட்டே நின்னேன். அழுதுட்டேன். மரம் வச்சவ தண்ணி ஊத்தாம இருப்பாளா?”

உள்ளே இருந்து அவர் கணவர் வந்தார். சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர். அதுவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், எல்லாவற்றையும் காதில் வாங்கியிருக்கிறார். “சரியாப் போச்சு” என்றார். “நான் சர்வீஸ் பூரா பூமிக்குள்ள இருந்து தண்ணிய மேல எடுத்தேன். இவ பூரா உள்ள ஊத்திட்டிருந்திருக்கா. கம்பெனிக்கு இது தெரிஞ்சா பென்ஷன் வராது.” அம்மாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அதற்காகவே அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

ஒரு பேச்சுப் பேசிக்கொண்டோம். சலவைத் தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எதுவும் மரத்துப் பக்கம் போகக் கூடாது. தை முடிகிற வரை ஒரு சொட்டு ஊற்றக் கூடாது. தையிலும் இந்தப் பக்கம் பூக்கவில்லையென்றால், அந்தப் பாதியை நானே வந்து வெட்டிக் கொடுக்க வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது. வாய் இருக்கிறதே, ஒத்துக்கொண்டுவிட்டது. வெளியே வந்ததும், தெருவில் காத்திருந்த கொழுந்தன், “தெரியாத மரத்துக்கு ஜாமீன் போட்டுக்கினு வர்றீங்களே அண்ணி” என்றான்.

நாங்கள் கிளம்பும்போது அம்மா பின்னாலேயே வந்து, பச்சை டியூபைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். “இதை நீ எடுத்துட்டுப் போயிரு. இங்க இருந்தா என் கை சும்மா இருக்காது.”

டியூப் எங்கள் வீட்டில் மார்கழி முழுக்க ஆணியில் தொங்கியது. அதைச் சொருக எங்களுக்குக் குழாய் இல்லை. நான் வேறு வேறு பிளாக்குகளில் என் பாட்டுக்கு வேலை பார்த்தேன். ஒரு வீட்டில் பலாமரம், ஒரு வீட்டில் தென்னையில் வண்டு, ஒரு வீட்டில் கிளை விழுந்து கோழிக்கூடு நொறுங்கியதற்கு அரைநாள் பஞ்சாயத்து. ஆனால் வாரம் ஒருமுறை எந்தச் சாக்கிலாவது அந்தத் தெரு வழியாகத்தான் போவேன். இந்தப் பக்கத்து இலைகளும் மெல்ல முற்ற ஆரம்பித்தன. அம்மா பின்கட்டுப் படியில் உட்கார்ந்து, காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். “வாடுதும்மா” என்பார். “வாடட்டும்மா” என்பேன். சொல்லிவிட்டு வந்து நான் தூங்காமல் கிடப்பேன். செத்துக்கித்துத் தொலைத்தால் யார் பதில் சொல்வது?

பொங்கலுக்கு அவர்கள் ஊருக்குப் போனார்கள். திரும்பி வந்த மறுநாள் காலை போன் வந்தது. ரகசியம் பேசுவதுபோல அம்மாவின் குரல். “மெஷினை எடுத்துக்கிட்டு உடனே வா.”

போய்ப் பார்த்தால் மரத்தடி பழையபடி சேறு. வேலிக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அடுத்த வீட்டு அக்கா. இரண்டு பேருக்கும் முகம் சிவந்திருந்தது, கை வேலிக்கு மேலே பறந்துகொண்டிருந்தது, ஆனால் சத்தமே இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிட்டே போனதும்தான் கேட்டது. இரண்டு பேரும் குசுகுசுவென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வேணும்னே ஊத்தியிருக்கா” என்று அம்மா என்னிடம் கிசுகிசுத்தார். “இந்தப் பக்கம் பூத்துடப் போகுதேன்னு, நான் இல்லாத நேரம் பாத்து டியூப் போட்டு ஊத்தியிருக்கா.”

“ஐயோ, சாமி சத்தியமா இல்லீங்க்கா” என்று அக்கா அழாத குறையாகக் கிசுகிசுத்தார். “நீங்க ஊருக்குப் போயிட்டீங்க. மரம் காஞ்சிக்கினு கிடக்கு. தெனமும் தண்ணி ஊத்துற மரமாச்சே, வந்து பாத்தா அக்காவுக்கு மனசு தாங்காதேன்னு எங்க வூட்டுக் குழாயிலேர்ந்து ஊத்தினேன். ஊத்தக் கூடாதுன்னு எனக்கு யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லைதான். அம்மாவின் மானம் இடம் கொடுத்திருக்காது. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

“பேச்சு வேணாம். வெட்டு” என்றார் அம்மா.

கொழுந்தன் கயிற்றோடு மேலே ஏறிவிட்டான். மெஷினைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. என் வாய் பழக்கதோஷத்தில் கேட்டது. “பக்கத்துல யாராவது தூங்குறாங்களாங்க?”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்க வூட்டுக்காருதாங்க. நைட் ஷிப்ட் முடிச்சிட்டு இப்பதான் படுத்தாரு. அதான் மெதுவா பேசிக்கினு இருக்கோம்” என்றார். பிறகு தானாகவே சொன்னார், “மத்தியானம் எழுந்துடுவாரு. அப்புறமா வெட்டிக்கங்க. நான் தடுக்கல.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அத்தனை ஆத்திரத்திலும் அவர் யோசிக்கவே இல்லை. “மதியத்துக்கு மேல வெட்டு” என்றார். முப்பது வருஷமாக நைட் ஷிப்ட்காரரை உள்ளே தூங்க வைத்துவிட்டுக் குக்கர் விசிலுக்குப் பயந்து வாழ்ந்தவர் அவர். தூங்குகிறவரை எழுப்புவது அந்த ஊரில் பாவம். அது எதிரி வீட்டுக்காரராக இருந்தாலும்.

மதியம் வரை என்ன செய்வது? வெறுமனே உட்கார எனக்கு வராது. மேலே இருந்தவனிடம், “தம்பி, வந்ததுக்கு அந்தப் பக்கம் ஒரு நுனி, இந்தப் பக்கம் ஒரு நுனி கிள்ளிப் போடு” என்றேன். காரணம் தெரியாமல் ஒரு மரத்தை வெட்டுவது என்னால் ஆகாது. இரண்டு குச்சிகள் விழுந்தன. அந்தப் பக்கத்து நுனியில் மொட்டு வெடித்துப் பூங்கொத்து எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. இந்தப் பக்கத்து நுனி மூடியே இருந்தது. ஆனால் தளிர் வரும் மொட்டு ஊசியாக இருக்கும், இது குண்டாக இருந்தது. விரல் நகத்தால் அதன் செதிலை ஒவ்வொன்றாக உரித்தேன். உள்ளே இலை இல்லை. கேழ்வரகைக் கொட்டி வைத்ததுபோலப் பொடிப் பொடியாகப் பச்சை மணிகள்.

இரண்டு குச்சிகளையும் உள்ளங்கையில் வைத்து வேலிக்கு மேலே நீட்டினேன். இரண்டு தலைகளும் குனிந்தன.

“இது அந்தப் பக்கம். இது இந்தப் பக்கம். ரெண்டும் பூதான். இது கொஞ்சம் லேட்டு.”

“அவ ஊத்தின தண்ணி?” என்றார் அம்மா.

“பூ அதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுச்சும்மா.”

அம்மா அந்தக் குச்சியை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். உரித்த மொட்டைத் திரும்ப மூடிவிட முடியுமா என்று பார்ப்பதுபோல இரண்டு விரலால் அழுத்தினார். “ஒண்ணை வீணாக்கிட்டியே” என்று என்னைத் திட்டினார். அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மெஷின் எங்களோடு வந்ததுபோலவே வண்டியேறித் திரும்பியது. வழியில் கொழுந்தன், “அந்த ஆளு மட்டும் டே ஷிப்ட் போயிருந்தாருன்னா?” என்றான்.

சித்திரையில் அம்மா மறுபடி கூப்பிட்டார். கிளை கூரையில் உரசுகிறது என்றார். ஒரு கிளையும் உரசவில்லை. பின்கட்டில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் மாங்காய்கள் இருந்தன. அந்தப் பக்கம் காய்ப்பதில் கால்வாசி கூட இருக்காது, சின்னச் சின்னதாக வேறு. அம்மா நல்ல புடவை கட்டியிருந்தார். கூடையிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி, பெரியதாகப் பார்த்து ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு வேலிக்குப் போனார். நான் பார்ப்பதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

“ஏம்மா, இங்க வா” என்று கூப்பிட்டார். அக்கா வந்தார். அவர் பின்னால் ஷெட்டில் காரை வெளியே விட்டு, தரை முழுக்க அவர்கள் வீட்டுக் காய் வைக்கோலில் பழுத்துக் கிடந்தது.

“இந்தா. எங்க பக்கத்துக் காய்.”

அக்கா ஒரு நொடி திகைத்தார். பிறகு முந்தானையை விரித்து, அதில் வாங்கிக்கொண்டார். “எவ்ளோ பெருசு! நல்ல வாசனைங்க்கா” என்றார். அவர் வெள்ளந்தி என்று நான் நினைத்தது தப்பு. எல்லாம் தெரிந்த மனுஷி.

திரும்பி வந்த அம்மா என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. “திங்கிறதுக்கா அலைஞ்சேன்? ஒரு வருஷமாவது நான் குடுக்கணும்னுதான்” என்றார்.

வைகாசியில் அவர்கள் காலி செய்த அன்று காலை, டியூபை எடுத்துக்கொண்டு போனேன். லாரியில் பீரோவும் கட்டிலும் ஏறிக்கொண்டிருந்தன. “எங்க ஊருக்கு இது எதுக்கு? சொருகினா காத்துதான் வரும்” என்றார் அம்மா. அடுத்த வீட்டு அக்கா கை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். “என்கிட்ட இருக்கட்டும். புதுசா வர்றவங்க மரத்துக்கு ஊத்த வந்தாங்கன்னா நான் வுட மாட்டேன்.”

இதெல்லாம் குசுகுசுவென்றுதான். அவர் வீட்டுக்காரருக்கு அன்றைக்கும் நைட் ஷிப்ட். சாமான் ஏற்றுகிற ஆட்களிடம் அம்மாவே, “சத்தம் போடாதீங்கப்பா, தூங்குறாரு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாத்திர மூட்டையைப் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கி வைத்தார்கள். இரண்டு பெண்களும் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார்கள். டிரைவர் வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போகலாமா என்றுகூடக் கேட்டார்.

அப்போது அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. கைலியோடு, கண் சிவந்து, தலை கலைந்து அந்த மனிதர் வெளியே வந்தார். எல்லாரும் பதறிப்போனோம். அம்மா சாமான்காரர்களைத் திட்ட வாயெடுத்தார்.

“யாரும் எழுப்பலைங்க்கா” என்றார் அவர். “நீங்க போற நேரத்துக்கு அலாரம் வச்சிக்கினுதான் படுத்தேன்.”

அதற்குப் பிறகுதான் அம்மா சத்தமாக அழுதார்.